கிணறு உவராகும்போது மனம் என்ன செய்யும்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"நூற்றாண்டு விழா, சந்தோசமாக ஏதாவது பேசு" என்று செயலாளர் அக்கா சொன்னார். நான் துயரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அக்கா மன்னிக்க வேண்டும்.

இன்று காலை வந்தவர்களில் பலர் முதலில் பள்ளிக்கூடக் கிணற்றடிக்குப் போனதைக் கண்டேன். வலைப்பந்து விளையாடிவிட்டு ஓடிவந்து, வாளியைச் சரிக்க இரு கையும் ஏந்திக் குடித்த தண்ணீர் அது. இன்று கிணற்றுக்கு வலைமூடி போட்டு, 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதியிருக்கிறது. ஓர் அக்கா கட்டைத் தொட்டபடி பேசாமல் நின்றார். பிறகு சிரித்துக்கொண்டு படம் எடுக்கப் போனார். அவர் பேசாமல் நின்ற அந்த நேரத்தைப் பற்றியதே என் உரை.

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. துலாவால் அள்ளிய காலத்தில் அது தாங்கியது. மோட்டர் போட்டு வேகமாக இறைக்கும்போது அடியிலுள்ள உவர் மேலே ஏறுகிறது. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலை அது குறைக்கும்.

இது உடம்பின் கதை. மனதின் கதையை நான் பிந்தித்தான் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன் வயதான ஓர் அம்மா என்னிடம் வந்தார். நித்திரை இல்லை, சாப்பாட்டில் மனமில்லை. இரத்த அழுத்தம், சீனி, தைரொயிட் எல்லாம் சரி. நித்திரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் "வீட்டில் என்ன புதினம் அம்மா?" என்று கேட்டேன்.

"கிணறு உவராப் போச்சுது பிள்ளை. அவர் வெட்டின கிணறு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கிணத்துக்கு அழுதா சனம் சிரிக்கும்" என்றார்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்காதது என் பிழை.

ஊரைவிட்டுப் போனவருக்கு வரும் ஏக்கம் எங்களுக்குப் புதிதல்ல. ஊரிலேயே இருக்க, கண்முன்னே ஊர் மாறிப்போனால் வரும் துயரம் வேறு. அவுஸ்திரேலியாவில் நிலக்கரிச் சுரங்கங்களால் சிதைந்த ஹன்டர் பள்ளத்தாக்கு மக்களிடம் இதைக் கண்ட மெய்யியலாளர் கிளென் அல்பிரெக்ட், 'சொலஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். இனி வரப்போவதை நினைத்துப் பதகளிப்பதும் இதனோடு சேர்ந்ததே. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பத்து நாடுகளைச் சேர்ந்த 16 முதல் 25 வயது வரையான 10,000 பேரிடம் கேட்டார்கள். காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாக 59 வீதமானோர் சொன்னார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இரவில் இதைப்பற்றிக் கேட்டால், "உனக்கேன் இந்தக் கதை?" என்று வாயை அடைக்காதீர்கள்.

இந்தத் துயரம் நோயல்ல. நேசித்த ஒன்றை இழந்தால் நோகத்தான் செய்யும். ஆனால் தனியே சுமந்தால் அது நோயாகலாம்.

எங்கள் ஊரில் யாரையும் தனியே அழ விடுவதில்லை. செத்தவீட்டில் அடுப்பு எரியாது. அயல் சமைத்துக் கொண்டுவரும். எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டத்திவசம் என்று நாள் குறித்து மறுபடி மறுபடி கூடுகிறோம். கிணறு செத்தால், குளம் தூர்ந்தால், பனங்கூடல் அழிந்தால் துக்கம் விசாரிக்க ஒருவரும் வருவதில்லை. கிணற்றுக்குச் செத்தவீடு இல்லை. அந்த அம்மாவை வாட்டியது அதுதான்.

தனியே இருக்கும்போது என்ன செய்யலாம்? துயரத்துக்குப் பெயர் சொல்லுங்கள். 'எனக்குக் கவலை, கிணறு போனதால்' என்று ஒரு கொப்பியில் எழுதினாலும் போதும். வெள்ளமும் மண்சரிவும் காட்டும் காணொளிகளை நித்திரைக்கு முன் பார்க்காதீர்கள். ஒரு மரத்தையோ ஒரு பாத்தியையோ நாளாந்தம் பராமரியுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டாலோ, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தாலோ, வைத்தியரிடம் போங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்துடன் பேசலாம்.

வெளிநாட்டிலுள்ள சகோதரிகளுக்கு ஒன்று. 'விட்டுவிட்டு வந்தோமே' என்ற குற்றவுணர்வில் சிலர் உடனே காசு அனுப்புகிறீர்கள். அது உதவிதான். அதற்கு முன் இங்குள்ளவரோடு அரை மணித்தியாலம் கதையுங்கள். எதை இழந்தோம் என்று இரு பக்கமும் சொல்லட்டும்.

அந்த அம்மாவின் கதையை முடிக்கிறேன். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம். அயலில் உள்ள பெண்கள் ஐந்தாறு பேர் மாதமொரு முறை அவர் விறாந்தையில் கூடத் தொடங்கினார்கள். முதல் இரண்டு மாதமும் கதையும் தேத்தண்ணியும் மட்டுந்தான். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஒருவர், "கூரைத் தண்ணியை ஏன் றோட்டில விடுறம்?" என்று கேட்டார். இப்போது நான்கு வளவுகளில் கூரை மழைநீர் குழி வழியாக நிலத்துக்குள் இறங்குகிறது.

கிணறு இன்னும் இனிக்கவில்லை. இனிக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் அம்மா நித்திரை கொள்கிறார்.

இன்று பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் கிணற்றடியில் கூடுவோம். பேச்சில்லை, மாலையில்லை. விரும்பியவர்கள் இழந்த ஒன்றைச் சொல்லலாம், மற்றவர்கள் கேட்கலாம். வெளிநாட்டுக் கிளைகளும் அவரவர் இடத்தில் இதைச் செய்யலாம். இந்த மண்டபத்தின் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம்.