செவிப்புலன் குன்றுவதை அறிதல்

கண் மங்கினால் மங்கியவரே முதலில் உணர்கிறார். காது மந்தமானால், பெரும்பாலும் உடன் வாழ்வோர்க்கே அது முதலில் தெரிகிறது. வலியின்றி மெல்ல மெல்ல வருவதால் இக்குறைக்கு நாம் வேறு பெயர்கள் சூட்டிவிடுகிறோம். முதியவரைப் பிடிவாதக்காரர் என்கிறோம். பிள்ளையைக் கவனமற்றவன் என்கிறோம்.

ஒலி செவிப்பறையில் மோதி, நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் வழியாக, நத்தையோடு போன்ற உட்செவியை அடைகிறது. அங்குள்ள நுண்மயிர் உயிரணுக்கள் அவ்வதிர்வை நரம்பிற்கு உணர்த்துகின்றன. குரும்பி அடைப்பதாலும் நடுச்செவியில் சீழ் கட்டுவதாலும் நேரும் குறை பெரும்பாலும் மருத்துவத்தால் நீங்கும். நுண்மயிர் உயிரணுக்களோ அழிந்தால் மீண்டும் தோன்றா. முதுமையும், தறிக்கூடத்தின் ஓயாத இரைச்சல் போன்ற பேரொலியும் அவற்றை அழிக்கின்றன. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் உழைப்போர்க்கு இவ்வபாயம் உண்டு.

முதுமையில் உயர்ந்த சுருதியுடைய ஒலிகளே முதலில் நழுவுகின்றன. உயிரெழுத்தின் ஓசை கேட்கும். மெய்யெழுத்தின் வேறுபாடு தெளியாது. ‘பத்து’ என்பது ‘பட்டு’ என்று படும். ஆகவேதான் பெரியவர், “சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை” என்கிறார். வானொலியை உரக்க வைத்தல், பேசுபவரின் உதடுகளையே நோக்குதல், பலர் கூடுமிடத்தில் ஒதுங்கியிருத்தல், காதில் இரைச்சல் ஆகியன பிற அடையாளங்கள். அவரிடம் கத்துவதால் பயன் குறைவு. முகம் நோக்கி, நிறுத்திப் பேசுதலே உதவும்.

குழந்தையிடம் இன்னும் விழிப்பு வேண்டும். காது கேளாத சிசுவும் முதல் மாதங்களில் குரலெழுப்பும். அது கண்டு நாம் அமைதியுறலாகாது. பேரொலிக்குத் திடுக்கிடாமையும், ஆறு மாதமாகியும் குரல் வரும் திசையில் திரும்பாமையும், ஓராண்டாகியும் பெயர் சொல்லி அழைத்தால் நோக்காமையும் சோதனைக்குரிய அறிகுறிகள். ஒரு மாதத்திற்குள் முதற்சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதி, ஆறு மாதத்திற்குள் உதவி என்பது மருத்துவர் வகுத்த முறை. மொழி வேரூன்றும் பருவம் அது. காலத்தே கருவியோ சைகை மொழியோ கிடைத்தால், அக்குழந்தை மொழியின்றி வளர நேராது.

மைசூரில் 1960-களிலும் மும்பையில் 1983-லும் இதற்கென்றே தேசிய நிறுவனங்கள் தோன்றின. காது கேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2007-ல் தொடங்கிற்று. மாவட்ட மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை முதலில் அணுகலாம். காது திடீரென ஓரிரவில் கேளாமற்போனால் ஒரு நாளும் தாழ்க்கலாகாது. எண்ணெய் விட்டுப் பார்ப்போம் என்றிருத்தல் தகாது. ‘வயதானால் அப்படித்தான்’ என்ற சொல்லை விடுத்து, நம் வீட்டுப் பெரியவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்வோமாக.