மலையில் பிறந்த பிள்ளைகளும் கடலில் பார்த்த திமிங்கிலமும்

(தோட்டத் தாய்மார் ஒன்றுகூடலில், களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் உங்கள் மத்தியில் வேலை செய்த காலம் முழுவதும் பிள்ளையின் நிறை, இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி என்றுதான் பேசியிருக்கிறேன். என்னைக் கண்டாலே "மிஸ் வந்துட்டாங்க, காட்டை எடு" என்று ஓடுவீர்கள். இன்றைக்கு அந்தக் கதை இல்லை. இன்றைக்குக் கடலில் திமிங்கிலம் பார்க்கப் போன கதை சொல்லப் போகிறேன்.

"கொழுந்து எடுக்கிற நமக்கு இது எதுக்கு? வெள்ளைக்காரன் பார்க்கிற விளையாட்டுத்தானே" என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம்முடைய நாட்டுக் கடலில் இருக்கிற ஒன்றை நம்முடைய பிள்ளை பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. போகலாம். போகிற விதமாகப் போக வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் ஊர் களுவாஞ்சிக்குடி. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வீதியில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் நாங்கள். சூரியன் எழும்புகிற பக்கம் என்பதால் எங்கள் பக்கத்தை எழுவான்கரை என்பார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. என் அப்பா கரைவலை இழுத்தவர். ஆழ்கடலுக்குப் போய் வருகிறவர்கள் திமிங்கிலம் கண்ட கதையைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போகவே எனக்கு மனம் வரவில்லை. கடலைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். பல வருடம் அப்படியே இருந்தேன்.

என்னை மறுபடியும் கடலுக்குக் கூட்டிப்போனது உங்களைப் போன்ற ஒரு தோட்டத்துக் குடும்பம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம். பேர் வேண்டாம். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு மகள், ஒரு மகன், கூடவே அம்மாயி. மகளின் பிரசவத்தைப் பார்த்தவள் நான்தான். அந்தப் பிள்ளை ஒரு நாள் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டது: "மிஸ், இது உங்க ஊருக் கடல்ல இருக்கா? நீங்க பாத்திருக்கீங்களா?"

இருக்கு, ஆனால் நான் பார்த்ததில்லை என்றேன். பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. கடலோரத்தில் பிறந்தும் பார்க்கவில்லையா என்று கேட்கிற பார்வை. அதற்குப் பிறகு அந்தத் தாய் பத்து மாதம் சீட்டுக் கட்டினாள். அடுத்த ஆடி மாதம் புறப்பட்டோம்.

எங்கள் ஊரிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகு விடுவதில்லை. கிழக்கில் அதற்குப் பேர் போன இடம் திருகோணமலை. தெற்கே மிரிஸ்ஸ, மேற்கே கற்பிட்டி. ஏன் திருகோணமலை? அங்கே கரையை ஒட்டியே கடலுக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. மற்ற இடங்களில் வெகுதூரம் போனால்தான் கிடைக்கும் ஆழம், அங்கே கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஆழக்கடல் பிராணியான திமிங்கிலமும் அதனால் கிட்டவே வருகிறது.

இன்னொரு விசயம் கேளுங்கள். நம்முடைய மகாவலி கங்கை கடலில் சேருகிற இடமும் அதுதான். ஹட்டன் ஓயா, கொத்மலை ஓயா என்று நம் தோட்டங்களுக்குள்ளே ஓடுகிற தண்ணீரெல்லாம் மகாவலியில் சேர்ந்து, 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில் விழுகிறது. நம்முடைய மலையில் பெய்த மழைதான் அந்தத் திமிங்கிலக் கடலுக்குப் போகிறது. லயத்துக் கானில் நாம் வீசுகிற பொலித்தீன் பையும் அதே வழியில்தான் போகும். அதையும் மனதில் வையுங்கள்.

திமிங்கிலம் மீன் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மூச்சு எடுக்க மேலே வந்தே ஆக வேண்டும். அதனால்தான் நம் கண்ணில் படுகிறது. நீலத் திமிங்கிலம்தான் உலகத்திலேயே பெரிய பிராணி. நம் கடலில் இருப்பது எழுபது, எண்பது அடி வரை வளரும். பத்தடி லயத்துக் காம்பரா எட்டை வரிசையாக வைத்துப் பாருங்கள், அவ்வளவு நீளம். அவ்வளவு பெரியது தின்பது விரல் நீளம்கூட இல்லாத இறால் வகைகளை. 2003ஆம் ஆண்டில் ஆஷா டி வொஸ் என்ற நம் நாட்டுப் பெண் ஆராய்ச்சியாளர் இலங்கைக் கடலில் திமிங்கிலத்தின் சிவப்பு நிறச் சாணத்தைக் கண்டார். தின்னாமல் சாணம் வருமா? குளிர்க்கடலுக்குப் போய்த்தான் இவை இரை தின்னும் என்று அதுவரை சொல்லி வந்தார்கள். இந்தச் சூடான கடலிலேயே இரை எடுக்கின்றன என்று அவர் எடுத்துக் காட்டினார். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து காலம். மலையில் தென்மேற்கு மழை கொட்டுகிற நேரத்தில்தான் கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும். ஏறக்குறைய வைகாசி முதல் புரட்டாதி வரை. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று. அப்போது கிழக்கில் கடல் கொந்தளிக்கும், போகவே கூடாது. அந்தக் காலத்தில் மிரிஸ்ஸ, கற்பிட்டிப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். தீபாவளி முற்பணம் கையில் வந்தவுடன் திருகோணமலைப் படகுக்கு ஓடாதீர்கள்.

நாங்கள் ஹட்டனில் ரயில் ஏறி பதுளைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் பிபிலை, மகா ஓயா, செங்கலடி வழியாக மட்டக்களப்பு வந்தோம். முதல் இரவு களுவாஞ்சிக்குடியில் என் வீட்டில். அடுத்த நாள் பிள்ளைகளைக் குருமண்வெளிக்குக் கூட்டிப்போய், மண்டூருக்குப் போகிற பாதையில் ஏற்றினேன். வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் ஊரில் பாதை என்றுதான் சொல்லுவோம். தண்ணீர் மேலே நிற்கிற பழக்கம் வரட்டும் என்றுதான் ஏற்றினேன். அம்மாயி கம்பியைப் பிடித்த பிடி மண்டூர் வரைக்கும் விடவில்லை. இறங்கியதும் முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, "இதோட போதும்டி, அந்தப் பெரிய கடலுக்கு நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டது.

அங்கிருந்து திருகோணமலைக்கு அரை நாள் பஸ் பயணம். முந்தி வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று பாதை மாறி மாறிப் போன வழி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். மற்ற இடங்களிலும் பாலம் வந்துவிட்டது. கங்கைப் பாலத்தைத் தாண்டும்போது, "இதுதான் நம்ம ஊருத் தண்ணி" என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கே கடற்கரைக்குப் போய்விட்டோம். முற்பணம் கொடுத்துப் பேசிய படகு. அங்கே போய்ப் பார்த்தால் எங்களோடு வேறு ஆட்களையும் சேர்த்துப் பதினொரு பேர். லைஃப் ஜக்கட் ஆறுதான் இருந்தது. அதிலும் சின்னப் பிள்ளைக்கு அளவானது ஒன்றும் இல்லை. மகனுக்குப் பெரிய ஆளின் ஜக்கட்டைப் போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். ஜக்கட் தலைக்கு மேலே கழன்று வந்தது.

"பயப்படாதீங்க அக்கா, கடல் குளம் மாதிரிக் கிடக்கு. ஒண்டும் ஆகாது" என்றார் படகுக்காரத் தம்பி. அவரும் கெட்டவர் இல்லை, அவருக்கும் பிழைப்பு. தகப்பன் என் முகத்தைப் பார்த்தார். தாய் சீட்டுக் காசை நினைத்தாள். பிள்ளைகள் படகைப் பார்த்தார்கள்.

2021 நவம்பர் 23ஆம் திகதி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அது ஆழ்கடல் இல்லை, அக்கரை கண்ணுக்குத் தெரிகிற நீர்தான். அதை நினைத்துக்கொண்டு சொன்னேன்: "தம்பி, எங்க பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. ஜக்கட் இல்லாம நாங்க ஏற மாட்டோம்." படகு போய்விட்டது. முற்பணமும் போய்விட்டது. மகள் மணலில் உட்கார்ந்து அழுதாள். அந்தத் தாய் என்னோடு ஒரு மணித்தியாலம் பேசவில்லை.

சரி, வந்ததற்குச் சாமியாவது கும்பிடுவோம் என்று கோணேசர் கோயிலுக்கு ஏறினோம். கோயில் இருக்கிற மலை கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கிறது. அங்கே நின்றே திமிங்கிலம் பார்க்கலாம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. கச்சான் விற்ற ஒரு பெரியவர் சொன்னார்: "அலையப் பாக்காதீங்க, தூரத்துல புகை மாதிரி எழும்புதா பாருங்க." முக்கால் மணித்தியாலம் நின்றோம். முதலில் கண்டது அம்மாயிதான். "அந்தா, அடுப்புல ஈர விறகு வச்ச மாதிரி" என்று கை நீட்டியது. வெள்ளைப் புகை ஒன்று நேராக எழும்பி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அது திமிங்கிலம் விட்ட மூச்சு. ஒரு சதம் செலவில்லை. படகுக்குக் காசில்லாதவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் நான் சொல்லுகிற இடம் அந்தக் கோயில் மலைதான்.

1980களின் தொடக்கத்தில் 'ருலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த ஆராய்ச்சியாளர்களும் இந்தக் கடலில் நீலத் திமிங்கிலங்களைப் பார்த்து எழுதி வைத்தார்கள். பிறகு யுத்தம். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர்தான் சனங்கள் பார்க்கப் போகிற காலம் வந்தது. அவ்வளவு காலமும் அது அங்கேயே மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் வேறு படகு. முதல் நாளே நேரில் போய், ஜக்கட்டை எண்ணி, பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் காசு பேசினோம். அம்மாயி கரையில் நின்றது. இரண்டு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு டொல்பின் கூட்டம் சுழன்று சுழன்று குதித்தது. அதற்கப்பால் அந்தப் புகை. படகுக்காரர் கிட்டப் போகவில்லை. தூரத்திலேயே நின்று இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் அதன் மூச்சு எங்களுக்குக் கேட்டது. பெரிய துருத்தி ஊதுகிற மாதிரி. கரு நீல முதுகு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. எல்லாம் பத்து நிமிசம். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து நல்லதுதான் செஞ்சீங்க மிஸ்" என்றாள். எனக்கு அதே போதும். சுனாமிக்குப் பிறகு கடலைப் பார்த்து நான் அழாத முதல் நாள் அது.

இனி, போகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள்.

ஒருவருக்கு ஒரு ஜக்கட். பிள்ளைக்குப் பிள்ளை அளவு. கரையிலேயே போட்டு, கட்டி, கையைத் தூக்கிப் பாருங்கள். கழன்றால் ஏறாதீர்கள். அனுமதிப்பத்திரம் உள்ள படகா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இருதய நோயுள்ளவர்கள் படகில் ஏற வேண்டாம். படகு அலையில் அடிக்கும் அடி முதுகுத்தண்டு வரை போகும்.

வெறும் வயிற்றோடு போக வேண்டாம், வயிறு முட்டவும் தின்ன வேண்டாம். இரண்டு பாண் துண்டு, ஒரு வாழைப்பழம் போதும். பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர்கள் வைத்தியரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, ஏறுவதற்கு முன்பே போடுங்கள். தலை சுற்றினால் படகின் உள்ளே குனியாமல் தூரத்துக் கடல் விளிம்பைப் பாருங்கள். தண்ணீர், தொப்பி, நீளக் கைச் சட்டை அவசியம். மலையில் வளர்ந்த தோலைக் கடல் வெயில் இரண்டே மணித்தியாலத்தில் உரித்துவிடும்.

திமிங்கிலத்தைத் துரத்தச் சொல்லிப் படகுக்காரரை நெருக்காதீர்கள். 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி நூறு மீற்றருக்குள் படகு போகக் கூடாது. குட்டியோடு நிற்கிற தாயைச் சுற்றி வளைத்தால், பால் கொடுக்கிற நேரம் அதற்குக் கெட்டுப்போகும். பால் கொடுக்கிற தாய்க்கு நிம்மதி வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

கடைசியாக ஒன்று. திமிங்கிலம் தெரியாமலும் போகலாம். அது காட்சிக்கூண்டில் இருப்பதில்லை. அப்படி ஆனால் பிள்ளைகளிடம், "இன்னொரு நாள் வருவோம்" என்று சொல்லுங்கள். இன்னொரு நாள் வருவதற்கு எல்லோரும் பத்திரமாகக் கரை சேர வேண்டும். போன முற்பணத்தை இன்னொரு சீட்டுக் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளையைச் சேர்க்க முடியாது.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். பாய் இருக்கிறது, சோறும் மீன் குழம்பும் இருக்கும்.