குழாய் போகும் வழி



மெஷின் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வயிற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீங்க, அதுவும் பைப்லைன் விஷயம்தான்.

பெருங்குடல் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் உறுப்பு கல்லீரல். ஏன்? குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரல் என்ற ஃபில்டரைத் தாண்டித்தான் போகிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஒரு பைபாஸ் உண்டு. அங்கிருந்து கிளம்பும் செல் கல்லீரலைத் தொடாமலே நுரையீரலுக்குப் போய்விடலாம்.

'இவ்வளவுதானா' என்பார்கள் நம்ம மெக்கானிக்கல் ஆசாமிகள். இல்லை. விதை எங்கும் போகும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தை 1889-லேயே லண்டன் டாக்டர் ஸ்டீபன் பேஜெட் எழுதிவிட்டார். அந்த மண்ணைத்தான் இன்றும் ஆராய்கிறார்கள். கல்லீரலுக்குப் பரவிய கட்டியை வெட்டியெடுத்து முழுக்கக் குணமானவர்களும் உண்டு. மிச்சக் கல்லீரல் திரும்ப வளர்ந்துவிடும். நாம் செய்கிற எந்த மெஷினுக்கும் இந்த வசதி கிடையாது!

இதைவிட முக்கியம் ஒன்று. பெரும்பாலும் இந்நோய் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பத்து வருஷம் போல ஆகும். அதற்குள் கொலனோஸ்கோப்பியில் பார்த்து அப்போதே அகற்றிவிடலாம். இளையவர்களுக்கும் வருவது கூடியதால், அமெரிக்காவில் 2021-ல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆக்கினார்கள். நம்ம ஊரில் மலத்தில் ரத்தம் பட்டால், 'சூடு, மூலம்' என்று மோரைக் குடித்துவிட்டு ஆபீஸ் போகிறோம். வீட்டில் சொல்லவும் கூச்சம். மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி இருப்பவர்கள் பந்தியில் கேட்கலாம். பக்கத்து இலைக்காரர் மன்னிக்கணும்.