கடையில் தொடங்கிய காணி

(ஏற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



சேர்வராயன் மலையில் காப்பி வந்த கதையைக் கேட்டால், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் பெயரை யாரும் சொல்லிவிடுவார்கள். குழி வெட்டி நாற்று நட்ட பெண்கள், கூடை கட்டிப் பழம் பறித்த பெண்கள் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால் இன்றைக்குத் தன் உழைப்பில் நிலம் வாங்கிய ஒரு சிற்றூர்ப் பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் இந்த மலைக்காரர் அல்லர். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டிக்காரர். பாப்பம்மாள்.

2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நூறு வயதைக் கடந்த உழவர் என்று நாடே வியந்தது. வயதைக் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் அந்த வியப்பில் அவருடைய நாற்பது வயதும் ஐம்பது வயதும் மறைந்துபோயின. நான் அங்கேதான் நிற்க விரும்புகிறேன்.

1914இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். அவரையும் உடன்பிறந்த இரு பெண்களையும் தேக்கம்பட்டியில் பாட்டி வளர்த்தார். பாட்டியிடம் ஒரு மளிகைக் கடை இருந்தது. பாட்டிக்குப் பிறகு கடை பாப்பம்மாள் கைக்கு வந்தது. கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையும் போட்டார். உப்பு, புளி, மிளகாய் விற்றும் வருவோருக்குச் சோறு போட்டும் மிச்சம் பிடித்த காசில் ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கு 1989இல்தான் வந்தது. நாடு முழுவதற்கும் 2005இல். இத்தனைக்குப் பிறகும், 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்களுடையவை நூற்றுக்குச் சுமார் பதினான்குதான். களை எடுப்பதும் நாற்று நடுவதும் அறுப்பதும் பெண்கள். பட்டா மட்டும் ஆண் பெயரில். இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முந்திய தலைமுறைப் பெண் ஒருவர், தகப்பன் சொத்தோ சீதனமோ இல்லாமல், கல்லாப்பெட்டிக் காசில் காணி வாங்கினார். பத்மஸ்ரீயைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடன்பிறந்தாள் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்தார். பாட்டி தனக்குச் செய்ததை அவர் அடுத்த தலைமுறைக்குச் செய்தார். பெற்றவள்தான் தாய் என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்த வீட்டுக்கு வம்சாவளி எழுதினால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள்.

ஊர் அவரை மதித்ததற்கு விருது காரணமில்லை. 1959இல் தேக்கம்பட்டி ஊராட்சிக்கும், 1964இல் காரமடை ஊராட்சி ஒன்றியத்துக்கும் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடம் என்ற அரசியல் சட்டத் திருத்தம் 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. திராவிட இயக்கத்தில் இறுதிவரை பற்றோடு இருந்தார். 2024இல் தி.மு.க. பெரியார் விருது அறிவித்துச் சிறப்பித்தது.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு வைத்து, இயற்கை வேளாண்மைக்கு மாறினார். வயதான பின் நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு வாழையும் பயறும் விளைவித்தார். விடிந்தும் விடியாமலும் காட்டுக்குப் போய்விடுவார். சாப்பாடு ராகி, கொள்ளு, கீரை; ஆட்டுக்கறி பிரியாணி என்றால் மிகவும் பிரியம். அந்தப் பிரியத்தை மறைக்காமல் சொன்னதற்காகவே அவரை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். 2024 செப்டம்பர் 27 அன்று காலமானார்.

இந்த அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள் ஒன்று. நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கமெல்லாம் சொந்தமாகக் கால் ஏக்கர், அரை ஏக்கர் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் மூத்த பெண்கள் இருப்பார்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு அவர்களில் ஒருவரைப் பற்றியதாக இருக்கட்டும். காசு எப்படிச் சேர்ந்தது, பட்டா யார் பெயரில் இருக்கிறது, யார் யாரை வளர்த்தார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, அவர் உயிரோடு இருக்கும்போதே அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள்.