பழைய பெட்டியும் பத்து விநாடியும்



என்னிடம் இருப்பது யாயெசு எஃப்.டி.101ஈ. 1970களில் ஜப்பானில் செய்த ஹாம் ரேடியோ. கேட்பதும் பேசுவதும் ஒரே பெட்டியில். உள்ளே பெரும்பாலும் டிரான்சிஸ்டர்தான்; ஏரியலுக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில் மட்டும் மூன்று வால்வுகள். சுவிட்சைப் போட்டவுடனே பேச முடியாது, ஒரு நிமிஷமாவது சூடேறணும். "இதென்ன இட்லிக் கொப்பரையா?" என்பாள் என் வீட்டம்மா.

பிறகு 'பிளேட்' குமிழைத் திருப்பி, மீட்டர் முள் சட்டென்று கீழே இறங்கும் இடத்தைப் பிடிக்கணும். பத்து விநாடிக்குள்! தாமதித்தால் வால்வின் தகடு சிவந்துபோகும். புது செட்டுகளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. எனக்கோ அந்தப் பத்து விநாடிதான் ருசி.

கவலையும் அங்கேதான். அந்த மூன்றில் இரண்டு, 6ஜேஎஸ்6சி வால்வுகள், டி.வி. பெட்டிக்காகப் பிறந்தவை. டி.வி. டிரான்சிஸ்டருக்கு மாறியதும் தயாரிப்பு நின்றுபோச்சு. என்னிடம் உபரியாக ஒரே ஜோடி. ஆகவே காலையில் 7 மெகாஹெர்ட்ஸில், வால்வு ஹீட்டரை அணைத்துவிட்டு, சும்மா கேட்பதே அதிகம். "வால்வை மட்டும் கொடுங்க சார்" என்று விலை பேசினவரும் உண்டு. மாட்டேன்னு சொல்லிட்டேன்.

தம்பிகளா, மூடியைக் கழற்ற ஆசைப்பட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறமும் கண்டென்சரில் 600 வோல்ட் தங்கியிருக்கலாம். பேசுவதற்கு லைசென்ஸ் வேணும், அதற்குப் பரீட்சை உண்டு. 12 வயது நிரம்பினால் எழுதலாம். பாஸ் பண்ணிவிட்டு வாங்க, குமிழை உங்கள் கையில் தருகிறேன்.