கடலில் இணையம்: ஒரு வழியை மட்டும் நம்பாதீர்!

(பெட்டாலிங் ஜெயாவில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன்பு ஒரு தம்பி எழுந்து கேட்டார்: “ஐயா, பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு பாய்மரப் படகில் குடியேறப் போகிறேன். அங்கிருந்தே கணினி வேலையும் செய்யப் போகிறேன். இணையம் கிடைக்குமா?”

அவையில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கிள்ளான் துறைமுகப் பக்கம் படகுகளில் ஏரியலும் வயரும் பொருத்துவது என் தொழில். இப்படிக் கேட்டுக்கொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: இணையம் கிடைக்கும். ஆனால், எப்போது கிடைக்காது என்பதை முதலில் தெரிந்துகொண்டு புறப்படுங்கள். பிழைப்பும் உயிரும் அந்த ஒன்றில்தான் இருக்கின்றன.

கரையோரத்தில் கைப்பேசி

போர்ட் கிள்ளானில் இருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி. நம் நாட்டில் பாய்மரப் படகுகளுக்குப் பழக்கமான தடம் இது. 1990-இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் பந்தயத்தின் படகுகள் செல்வதும் இதே வழிதான். கரையை ஒட்டியே போவதால், வழியின் பெரும்பகுதியில் சாதாரணக் கைப்பேசிச் சேவையே போதும்.

ஆனால், கைப்பேசிக் கோபுரங்கள் ஊருக்காக நட்டவை. அவற்றின் ஏரியல்கள் கரையை நோக்கி, சற்றே கீழே சாய்ந்திருக்கும். கடலுக்குக் கிடைப்பது சிந்தியதும் சிதறியதும்தான். அதோடு பூமி உருண்டை. 45 மீட்டர் உயரக் கோபுரத்தையும், படகின் தளத்தில் 2 மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் கைப்பேசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி இரண்டும் ஒன்றையொன்று எட்டுவது சுமார் 33 கிலோமீட்டர் வரைதான். அதே ஏரியலை 15 மீட்டர் பாய்மரத்தின் உச்சியில் வைத்தால் சுமார் 43 கிலோமீட்டர். நடைமுறையில் இதைவிடக் குறையும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. என்னிடம் வந்த ஒருவர், பெரிய ஏரியல் ஒன்றை வாங்கிப் பாய்மர உச்சியில் கட்டி, அங்கிருந்து 20 மீட்டர் மெல்லிய வயரைக் கீழே இறக்கியிருந்தார். முன்பு இருந்த தொடர்பும் போய்விட்டது என்றார். ஏன்? மேலே பிடித்த சமிக்ஞையில் பெரும்பகுதி அந்த வயரிலேயே தேய்ந்துவிட்டது. வயர் நீளம் குறைய வேண்டும். அல்லது தடித்த, தரமான வயராக இருக்க வேண்டும். இன்னொன்று, சக்தி மிகுந்த ஏரியல் தன் பார்வையைத் தட்டையாகக் குவித்துக்கொள்ளும். காற்றில் படகு 20 பாகை சாய்ந்தால், ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக் கூரைக்குப் பொருந்துவது படகுக்குப் பொருந்தாது. படகுக்கு நடுத்தர ஏரியலே நல்லது.

சிம் அட்டைகளும் இரண்டு வேண்டும், வெவ்வேறு நிறுவனத்தினுடையவை. ஒரு நிறுவனத்தின் கோபுரம் மறையும் இடத்தில் மற்றொன்று தெரியக்கூடும். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே அறிந்த பழைய ரௌட்டர் இனி எடைக்குத்தான் போகும்.

வானத்தில் இருந்து வரும் இணையம்

கோபுரம் மறைந்த பிறகு செயற்கைக்கோள்தான். லங்காவியில் இருந்து இலங்கையின் காலித் துறைமுகத்துக்குப் போகும் படகு, ஆயிரம் கடல் மைலுக்கு மேல் ஓட வேண்டும். பத்து நாள் அளவுக்குக் கரையே தெரியாது.

முன்பு இந்தத் தூரத்துக்கு இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகள்தாம் துணை. 1998-இல் தொடங்கிய அந்தச் சேவையில் தரவு வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட். வானிலைக் குறிப்பு அடங்கிய சிறு மின்னஞ்சல் ஒன்றிரண்டு நிமிடத்தில் இறங்கும். பேரன் அனுப்பும் 3 மெகாபைட் புகைப்படம் இறங்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும்! அதனால் படகுக்காரர்கள் சொற்களை எண்ணி எழுதப் பழகினார்கள்.

இன்று ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. நம் நாட்டில் அதற்கு 2023-இல் உரிமம் கிடைத்தது. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் வேகமும் உண்டு, தாமதமும் குறைவு. படகில் இருந்தபடியே முகம் பார்த்துப் பேசலாம். அந்தத் தம்பியின் வேலைக்கு இது போதும். மறுக்கவில்லை.

ஆனால், மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, மின்சாரம். ஸ்டார்லிங்கின் வழக்கமான தட்டு 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 1,440 வாட் மணி. 12 வோல்ட் பேட்டரியில் அது 120 ஆம்பியர் மணி. ஆனால், 100 வாட் சோலார் பலகை ஒன்று நல்ல வெயில் நாளிலேயே 400 வாட் மணி தந்தால் பெரிது. அதாவது, இணையத்துக்கு மட்டுமே நான்கு பலகைகள்! விளக்கு, குளிர்பெட்டி, திசைகாட்டும் கருவி எல்லாம் அதற்கு மேல். எனவே வேலை நேரத்தில் போடுங்கள், தூங்கும்போது அணையுங்கள்.

இரண்டாவது, சட்டமும் சந்தாவும். வீட்டுக்கு வாங்கிய திட்டம் நடுக்கடலுக்குப் பொருந்தாது. எந்த நாட்டு எல்லையில் எத்தனை நாள் செல்லும் என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் தொலைபேசிகளை அங்கே கொண்டுபோவது குற்றம். தெரியாமல் எடுத்துச் சென்று விமான நிலையத்திலேயே சிக்கியவர்கள் உண்டு.

மூன்றாவது கேள்விதான் பெரியது: மழை பெய்தால்?

தேவைப்படும் நேரத்தில் அறுபடும் தொடர்பு

மலாக்கா நீரிணையில் படகு ஓட்டியவர்களுக்குச் ‘சுமத்ரா’ என்றாலே தெரியும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே, மேற்கே சுமத்ராப் பக்கத்தில் இருந்து திடீரென்று வரும் சூறைக்காற்று. கூடவே கொட்டும் மழை, இடி, மின்னல். கண்ணுக்கு எதிரே இருக்கும் கப்பலும் தெரியாது.

வேக இணையம் தரும் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் உயர் அலைவரிசையைக் கனமழை விழுங்கிவிடும். வீட்டில் மழை வந்தால் ஆஸ்ட்ரோ படம் நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்களே, அதே காரணம்தான். அமைதியான இரவில் அற்புதமாக ஓடிய இணையம், சூறை வரும் அந்த அரைமணி நேரத்தில் நின்றுவிடும். உங்களுக்கு வானிலையும் உதவியும் வேண்டியிருப்பது அப்போதுதானே!

மழை மட்டும் காரணமல்ல. ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் நம்பியிருந்த துராயா-3 செயற்கைக்கோள் 2024 ஏப்ரலில் பழுதானது. அந்தத் தொலைபேசிகள் ஊமையாகிவிட்டன. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவையே உலகம் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டது. எவ்வளவு பெரிய நிறுவனமும் ஒரு நாள் நிற்கும்.

நம்மவர்கள் பட்ட துயரத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரியைத் தாக்கியபோது, மீனவர்கள் பலர் நாள்கணக்கில் முன்னதாகவே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களின் கைப்பேசிக்கு அங்கே கோபுரம் இல்லை. கரையில் எச்சரிக்கை வந்தது. கடலில் அது எட்டவில்லை. எத்தனையோ குடும்பங்கள் கடற்கரையில் காத்து நின்றன. அதன் பிறகு, 2019-இல், செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெறும் ‘ஜெமினி’ என்ற கருவியை இந்தியா அறிமுகப்படுத்தியது. அதில் செய்தி வரும். பதில் அனுப்ப முடியாது. ஆனாலும் அந்த ஒரு வரிச் செய்தி ஓர் உயிரைக் காக்கும்.

இன்னொரு நிகழ்ச்சி. 2018 செப்டம்பரில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தன்னந்தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் இருந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் காயம், எழுந்து நிற்கவும் முடியவில்லை. பழைய முறையில் நடந்த அந்தப் பந்தயத்தில் இணையத்துக்கு இடமில்லை. அவரைக் காப்பாற்றியது கையடக்கக் கருவியில் அனுப்பிய சில சொற்களும், இருப்பிடம் காட்டும் அவசர ஒலிபரப்பியும்தான். மூன்று நாள் கழித்து ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. 2023-இல் அதே பந்தயத்தை இரண்டாமவராக முடித்தார் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

என்ன செய்யலாம்?

தம்பிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரையோரத்துக்கு இரண்டு சிம்மும் நல்ல ரௌட்டரும். நடுக்கடலில் வேலை பார்க்க ஸ்டார்லிங்க் போன்ற வேக இணையம். இவற்றோடு, மழையை ஊடுருவும் தாழ்ந்த அலைவரிசையில் இயங்கும் சிறிய செயற்கைக்கோள் குறுஞ்செய்திக் கருவி ஒன்று. அதை இரும்புப் பெட்டிக்குள் தனியாக வையுங்கள். நம் வட்டாரத்தில் இடிமின்னல் அதிகம். பாய்மரத்தில் மின்னல் பாய்ந்தால் படகில் உள்ள கருவிகள் எல்லாம் ஒரே நொடியில் போய்விடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கடல் வானொலி. அதன் 16-ஆம் அலைத்தடத்தில் நீங்கள் கூப்பிட்டால், நீங்கள் யார் என்றே தெரியாத பக்கத்துக் கப்பலும் கேட்கும். மற்றொன்று, 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி. இவற்றுக்கு மாதச் சந்தா கிடையாது.

கடைசியாக ஒன்று. அதைக் கடையில் வாங்க முடியாது. புறப்படும் முன், கரையில் இருக்கும் அக்காவிடமோ நண்பரிடமோ உங்கள் வழியையும், சேரும் நாளையும் எழுதிக் கொடுங்கள். “தினம் ஒரு செய்தி அனுப்புவேன். ஒரு நாள் வராவிட்டால் பதற வேண்டாம், கருவி பழுதாகியிருக்கலாம். இந்தத் தேதிக்குள் வராவிட்டால் 999-ஐ அழைத்துக் கடல்சார் அமலாக்க நிறுவனத்திடம் இந்தத் தாளைக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். இணையம் இல்லாத காலத்தில் அம்மாக்கள் கடிதத்துக்காக மாதக்கணக்கில் பொறுத்திருந்தார்கள். இன்று ஒரு மணி நேரம் பதில் வராவிட்டால் தூக்கம் போய்விடுகிறது. அவர்களையும் நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

தம்பி, தாராளமாகப் போய் வாருங்கள். வேலையை இணையத்திடம் ஒப்படையுங்கள். உயிரை மட்டும் அதனிடம் ஒப்படைக்காதீர்கள்.