காபி கீபியும் ஹாப்சன்-ஜாப்சனும்

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தலைப்பு கிடைத்தது லிஃப்டில். கூட வந்த ஒரு குட்டிப் பெண்ணிடம் கணக்குப் பரீட்சை எப்படி என்று கேட்டேன். "ஈஸி பீஸி லெமன் ஸ்க்வீஸி, அங்கிள்" என்றாள். பக்கத்தில் நின்ற பாட்டி, "இதுல எலுமிச்சம்பழம் எங்கடி வந்தது?" என்றார். நியாயமான கேள்விதான். எலுமிச்சை எதுகைக்காக மட்டும் வந்திருக்கிறது, அர்த்தத்துக்காக அல்ல.

ஆங்கிலத்தில் இப்படி நிறைய உண்டு. ஓகே என்றால் போதும், ஓக்கி டோக்கி என்பார்கள். பதறி ஓடினால் ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர், பொருள்கள் இறைந்து கிடந்தால் ஹிகில்டி பிகில்டி. நம் வீட்டில் இதே இரண்டும் அரக்கப் பரக்க, கன்னாபின்னா. பாட்டிகள் ஆங்கிலம் தெரியாது என்று கூச்சப்பட வேண்டியதில்லை. இந்தப் பாடத்தில் அவர்களுக்குத்தான் நூற்றுக்கு நூறு.

ஆனால் ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியவை. நம்மிடம் இருப்பது ஓர் இயந்திரம். எந்தச் சொல்லையும் போடலாம். முதல் எழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ'. பணம் கிணம், காபி கீபி, பாம்பு கீம்பு. நேற்று வந்த சொல்லுக்கும் இது பொருந்தும்: ஆப்பு கீப்பு, ஓடிபி கீடிபி. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே வேலையை 'கி' மாதிரியே 'gி'யும் செய்கிறது என்று எழுத முடியாது, நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். புலி கிலி என்று தெலுங்கர்கள் அழுத்திச் சொல்வார்கள். இந்திக்காரர் சாய் வாய் என்பார். துருக்கியில் அதே தேநீர் சாய் மாய். இதை வைத்து வீட்டில் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள்: கீரைக்கு என்ன சொல்வீர்கள்? இயந்திரம் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இந்தக் 'கீ'க்கு அர்த்தம் இல்லை என்று நினைக்கிறோம். உண்டு. வந்தவரிடம் "காபி கீபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், டீயோ மோரோ வெந்நீரோ எதைக் கேட்டாலும் தருவேன் என்று பொருள். மழைக்காலத்தில் ஏரிப் பக்கம் போகும் பையனிடம் "பாம்பு கீம்பு இருக்கும், பார்த்துப் போ" என்கிறோம். அந்தக் கீம்பில் பூரான், தேள் எல்லாம் அடக்கம். "காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா?" என்று அம்மா கேட்பது அக்கறை. அதையே "காய்ச்சலாவது கீய்ச்சலாவது, கிளம்பு ஸ்கூலுக்கு" என்று சொன்னால் கதவு சாத்தியாயிற்று. ஒரே கீய்ச்சல்தான், ஒரு வாக்கியத்தில் மடியில் எடுத்துக்கொள்கிறது, இன்னொன்றில் தள்ளிவிடுகிறது.

இங்கே ஒரு பழைய புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர்கள் இந்தியாவில் பழகிய சொற்களுக்கு 1886இல் ஒரு பெரிய அகராதி வந்தது. ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல் என்ற இருவர் தொகுத்தது. பர்னல் நம் ஊர் ஆள் என்றே சொல்லலாம்: சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்தவர், தஞ்சாவூரில் நீதிபதி, அங்கே அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். புத்தகம் அச்சாகி வருவதைப் பார்க்காமல் 1882இல் இறந்துபோனார். நம் சுருட்டும் கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குள் போன கதை அந்த அகராதியில் இருக்கிறது. பொழுதுபோகாத மதியத்துக்கு அதைவிட நல்ல அகராதி நான் பார்த்ததில்லை.

அதன் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. யாரோ இரண்டு துரைமார்கள் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி யாரும் இல்லை. முஹர்ரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு "யா ஹசன்! யா ஹுசைன்!" என்று அழுகிறார்களே, அது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் விழுந்து, வாயில் புரண்டு, ஹாப்சன்-ஜாப்சன் ஆகிவிட்டது. வேற்று மொழிச் சொல் இப்படி உருமாறுவதற்கு நல்ல உதாரணம் என்றும், எழுதியவர் இருவர் என்பதையும் ஜாடையாகச் சொல்லும் என்றும் யூல் அதையே தலைப்பாக வைத்தார். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஹுசைன் நபிகளின் பேரர், 680இல் கர்பலாவில் கொல்லப்பட்டவர். நம் ஆயிரம் விளக்கு என்ற பெயரே முஹர்ரம் கூட்டம் நடந்த மண்டபத்தில் ஏற்றிய விளக்குகளால் வந்தது என்பார்கள். அத்தனை நூற்றாண்டு துக்கம் ஓர் எதுகையில் வேடிக்கையாகிவிட்டது. அழுதவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

நமக்கு அந்தக் காது இல்லாமல் இல்லை. கொரியர் கம்பெனிக்கு முகவரி சொல்லும்போது எதிர்முனையில், "பீர்க்கன்கரணை கீர்க்கன்கரணைன்னா யாருக்கு சார் தெரியும்? பெருங்களத்தூர்னு போடுங்க" என்றார் ஒருவர். 2021இல் தாம்பரம் மாநகராட்சியிலேயே சேர்ந்தாயிற்று, இன்னும் நமக்குக் கீர்க்கன்கரணைதானா என்று அன்று முழுக்க எனக்குப் பொருமல்.

அதே நான்தான், போன பொதுக்குழுவில் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது எழுந்து, "கேமரா போட்ட பிறகு வாட்ச்மேன் கீட்ச்மேன் எல்லாம் எதுக்கு?" என்றேன். சிலர் சிரித்தீர்கள். செலவைப் பற்றிக் கேட்டது சரியான கேள்விதான், இன்றும் கேட்பேன். ஆனால் பின்வரிசைக்கு நாற்காலி எடுத்து வந்தவர் அவர். நாற்காலியைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்குப் போய்விட்டார். அந்தக் 'கீ'யில் யார் யார் அடக்கம்? இரவு மூன்று மணிக்கு என் அம்மாவுக்கு மூச்சுத்திணறியபோது ஆம்புலன்ஸுக்குக் கேட்டைத் திறந்து லிஃப்டைப் பிடித்து நின்றவரும் அதில் அடக்கம்.

மறுநாள் காலை கேட்டில் நின்று, "நேத்து நான் பேசினது தப்புங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அதைச் சபையில் சொன்னதால் சபையிலும் சொல்லிவிடுகிறேன். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே, "அதெல்லாம் இல்ல சார். உங்களுக்குக் கொரியர் கிரியர் எதுவும் வரல" என்றார்.

பொங்கல் சூடாக இருக்கும்போதே சாப்பிடப் போகலாம்.